புது பேட்டரி மாட்டிய மறுநாள்: கேள்வி பதில்

உதிரிபாகக் கடையில் பேட்டரி வாங்கி, அங்கேயே மாட்டி, வீட்டுக்கு வந்தபின் தொல்லை தொடங்கியவர்களின் கேள்விகள் இவை. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். வண்டியை நேரில் பார்க்காமல் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: நேற்றுதான் புது பேட்டரி. இன்று காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், டாஷ்போர்டு விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. பானட்டைத் திறந்து ஒயரை லேசாக ஆட்டினேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. கடைக்காரர் வேறு பேட்டரி மாற்றித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா அண்ணா?

பொறுங்கள். ஒயரை ஆட்டினதும் ஸ்டார்ட் ஆனது என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. பேட்டரியின் ஈய முனையில் மாட்டியிருக்கும் கிளாம்ப்பை வெறுங்கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் அதுதான் கோளாறு. பேட்டரியை மாற்றினாலும், அதே ஆள் அதே மாதிரி மாட்டினால் அடுத்த காலையும் ‘டக்’தான்.

விளக்கு எரிய நாலைந்து ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். ஓரமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளாம்ப் முதல் வேலைக்குத் தாங்கும், இரண்டாவதுக்குத் தாங்காது. அதனால்தான் விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று குழம்புகிறோம்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள்ளை ஈய முனையின் நடுவிலும், இன்னொன்றை அதே முனையின் கிளாம்ப்பிலும் அழுத்திப் பிடியுங்கள். வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பு சரியில்லை. மைனஸ் பக்கமும் இதே மாதிரி. கடைகளில் டெஸ்டர் வைத்து ‘பேட்டரி நல்லா இருக்கு’ என்று தாளை நீட்டுவார்கள். அந்த டெஸ்டரின் கவ்வி ஈயத்தைக் கடித்திருந்தால் கிளாம்ப் லூஸாக இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

மேலே கேட்டவரே மறுபடி: ஆமாம், திரும்புகிறது. நட்டைக் கடைசி வரை டைட் செய்துவிட்டேன், அப்போதும் திரும்புகிறது!

நட்டு இறுக்கும் இடத்தில் கிளாம்ப்பின் இரண்டு காதுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். முட்டினால் இனி எவ்வளவு திருகினாலும் பயனில்லை. உங்களுக்கு முனை மெலிந்த பேட்டரியைத் தந்திருக்கிறார்கள். ஈய முனையில் தடித்தது, மெல்லியது என்று இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு. தடித்ததில் பிளஸ் முனை அடியில் சுமார் 19.5 மில்லிமீட்டர், மைனஸ் 17.9. மெல்லியதில் 14.7, 13. பெட்டி ஒரே உருவத்தில் இருக்கும், மேலே நிற்கும் முனை மட்டும் வேறு. அவசரத்தில் எடுப்பவர் கண்ணுக்கு இது படுவதில்லை.

இதற்கென்றே ஈயத்தில் மோதிரம் மாதிரி உறை விற்கிறது, போடலாம். ஆனால் உங்களுடையது நேற்று வாங்கியது. சரியான முனை உள்ள பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். ஆணியைச் செருகி, தகரத்தைச் சுற்றி இறுக்கிய வண்டிகள் என்னிடம் வந்ததுண்டு. கொஞ்ச நாள் ஓடும், பிறகு அந்த இடம் சூடாகி ஈயமே உருகி வழிந்திருக்கும்.

தலைகீழ் கதையும் உண்டு: தடித்த முனையில் சிறிய கிளாம்ப்பைச் சுத்தியலால் அடித்து இறக்குவது. கண்ணெதிரே அப்படிச் செய்தால் அந்த பேட்டரியை வாங்காதீர்கள். முனை உள்ளே பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும், அடியிலிருந்து ஆசிட் கசியும்.

கேள்வி: கடைப் பையன் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டான். ஒரு பெரிய பொறி. உடனே கழற்றிச் சரியாக மாட்டினான். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பேட்டரி விளக்கு அணையவில்லை. ‘ஓடினா சரியாகிடும் சார்’ என்கிறான்.

ஓடினால் சரியாகாது, நடுவழியில் நிற்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கும் டையோடுகள் ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடுபவை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அவை நேரே ஷார்ட் ஆகிவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் ஆல்டர்னேட்டருக்குப் போகும் மெயின் ஃப்யூஸ் முதலில் எரிந்து டையோடுகளைக் காப்பாற்றியிருக்கும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் போயிருக்கும்.

இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் போட்டுவிட்டு பேட்டரியில் வோல்ட் அளங்கள். 13.8 முதல் 14.7 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. 12.4 காட்டி, பார்க்கப் பார்க்க இறங்கினால் ஆகவில்லை. அப்போது முதலில் மெயின் ஃப்யூஸ், அப்புறம் ஆல்டர்னேட்டர். பிளஸ் கிளாம்ப்பின் மேலேயே ஃப்யூஸ் பெட்டி உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால் அதைத் திறந்தாலே தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். கடைக்குப் போய், ‘இன்ன தேதியில், எங்கள் ஆள் மாற்றி மாட்டினார்’ என்று பில்லின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். எரிந்த ஃப்யூஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆடியோ, ஏர்பேக் விளக்கு, பவர் ஸ்டீயரிங் என்று மற்றவற்றின் பாதிப்பு சில நாள் கழித்துக்கூட வெளியே வரும். வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து ஒருமுறை முழுசாகப் பார்த்து, அந்தச் செலவையும் அவர்கள் கணக்கில் சேருங்கள்.

இந்தத் தவறு நடக்கக் கூடாது என்றுதான் பிளஸ் முனையைப் பெரிதாகவும் மைனஸைச் சிறிதாகவும் வார்க்கிறார்கள். பிளஸ் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதிலும் பேட்டரியில் இரண்டு வகை உண்டு. மாறி வந்துவிட்டால் ஒயர் எட்டாது, இழுத்து எட்ட வைப்பார்கள். ஒயர் விறைத்து நின்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில் என்கிறார்களே, சாஸ்திரமா?

சாஸ்திரமெல்லாம் இல்லை. வண்டியின் உடம்பு முழுக்க மைனஸ்தான். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகுகிறீர்கள், ஸ்பானரின் வால் பக்கத்துத் தகரத்தில் பட்டால் ஷார்ட். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் ஸ்பானர் தகரத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

கேள்வி: பேட்டரியைப் பிடித்துவைக்கும் பட்டையை மாட்டவில்லை. கேட்டதற்கு, ‘இவ்வளவு கனம், எங்கே போகப்போகுது’ என்றார். பரவாயில்லையா தம்பி?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. பேட்டரி குதித்து வெளியே போகாது, வாஸ்தவம். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே குலுங்கும். தகடுகளில் பூசியிருக்கும் பசை உதிர்ந்து அடியில் சேரும். நாலு வருஷம் வர வேண்டியது பாதியிலேயே போய்விடும்.

அது கூடப் பெரிதில்லை. ஒரு வண்டியில் பானட்டின் அடிப்பக்கம் ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகிய வட்டம் பார்த்தேன். பெயிண்ட் வெந்து, தகரத்தில் பொடிப்பொடியாகக் குழி. நேர் கீழே பிளஸ் முனை, அதில் சிவப்பு மூடி இல்லை. இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் உயரமான பேட்டரி, பட்டையும் இல்லை. பள்ளத்தில் ஒரு துள்ளு, பானட்டில் பட்டுத் தீப்பொறி. அந்த வண்டி தீப்பிடிக்காதது அவர்கள் புண்ணியம்.

உங்கள் வண்டியில் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி பிளஸ் முனையின் மூடி மேல் வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கியது போக மிச்சமிருக்கும் களிமண்ணின் உயரம்தான் இடைவெளி. பட்டையும் போல்ட்டும் பெரும்பாலும் கடைத் தரையில்தான் கிடக்கும், போய்க் கேளுங்கள்.

கேள்வி: மாட்டியதிலிருந்து கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறவில்லை, ரேடியோ கோட் கேட்கிறது, ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், கொஞ்சம் ஏறி இறங்குகிறது. எதையோ கெடுத்துவிட்டார்களா?

இல்லை. மின்சாரம் அறுந்ததால் வண்டி மறந்துவிட்டது. கண்ணாடியை முழுக்க ஏற்றி பட்டனைச் சில விநாடி விடாமல் பிடியுங்கள், பல வண்டிகளில் அது போதும். கோட் வண்டியோடு தந்த புத்தகத்திலோ அட்டையிலோ இருக்கும். ஐடிலிங் ஓட ஓடத் தானாகப் படியும்.

கேள்வி: சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வண்டி. கடையில் ‘ஆம்பியர் ஒண்ணுதான்’ என்று சாதாரண பேட்டரி போட்டார்கள். இப்போது அந்த வசதி வேலை செய்யவில்லை.

ஆம்பியர் ஒன்றாக இருக்கலாம், பேட்டரி ஒன்றல்ல. ஒரு நாளில் பத்து இருபது முறை ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கவென்றே செய்த ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைதான் தாங்கும். வண்டி எதோடு வந்ததோ அந்த வகையே வேண்டும். மைனஸ் கிளாம்ப்பில் சின்ன சென்சார் இருக்கும், அதன் சாக்கெட்டைத் திரும்பச் செருகினார்களா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் புது பேட்டரி வந்திருப்பதை ஸ்கேனர் மூலம் பதிய வேண்டும், இல்லாவிட்டால் கிழட்டு பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும். பேட்டரி டிக்கியில் இருந்தால் வாயு வெளியேறும் குழாயை மாட்டியிருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கேள்வி: மூன்று நாள் நிறுத்தினால் புது பேட்டரியும் இறங்கிவிடுகிறது.

கடையில் பல மாதம் கிடந்ததை அப்படியே போட்டிருக்கலாம். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6 இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான். அது சரியாக இருந்தால் எங்கோ மின்சாரம் திருடுபோகிறது. பூட்டி அரை மணி கழித்து வண்டி இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும், மூன்று நாளில் படுக்காது. அதற்கு மேல் என்றால் பழைய பேட்டரி செத்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும். இதில் கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை.

கேள்வி: மாட்டியதில் தவறு என்றால் வாரண்டியில் வருமா?

பேட்டரி வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான். மாட்டிய கைக்கு மாட்டிய கடைதான் பொறுப்பு. அதனால் ‘கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்’ என்று அவர்கள் சொல்வது வேறு பேச்சு, உங்கள் பேச்சு வேறு. எதையும் இறுக்குவதற்கு, துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். லூஸான கிளாம்ப்பை நீங்களே சரிசெய்துவிட்டுப் போய்ச் சண்டை போட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி: பேசாமல் நானே மாட்டிக்கொள்ளட்டுமா?

பானட்டுக்குக் கீழே சாதாரண பேட்டரி என்றால் தாராளமாக. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. முனையையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, கிளாம்ப்பை அடிவரை இறக்கி இறுக்கிவிட்டு, அப்புறம் மேலே வாசலின் தடவுங்கள். கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு ஸ்பானரைத் தொடுங்கள். பிளஸ் முனைக்கும் தகரத்துக்கும் நடுவே மாட்டிய மோதிரம் ஒரு நொடியில் பழுத்துவிடும், விரலிலிருந்து கழற்ற நேரம் தராது.