கைவினைக் கேள்வி–பதில்: மிஞ்சிய சித்திரத் தாள்களில் வாழ்த்து மடல்

கேள்வி: என் தம்பி வீட்டின் முன்னறையில் சித்திர வகுப்பு நடத்தி வருகிறான். நீர்வர்ணத் தாளின் ஓரத் துண்டுகள், பாதியில் கைவிட்ட படங்கள், நிறம் பார்த்த தாள்கள் என்று ஒரு பெட்டி நிறைய மிஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு தீபாவளிக்கு வாழ்த்து மடல் செய்தேன். மடித்த இடம் வெடித்தது. ஒட்டியவை வளைந்து நின்றன. அடுக்கி வைத்தவற்றில் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தைப்பொங்கலுக்கும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எதைத் திருத்த வேண்டும்?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சகோதரி, மிஞ்சிய துண்டையே மடலாக மடிக்கப் பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. துண்டு மடலின் முகமாக மட்டும் இருக்கட்டும். உடலுக்குப் புதிய மட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நீர்வர்ணத் தாள் பெரும்பாலும் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடை கொண்டது. அந்தத் தடிப்பில், வர்ணம் உலர்ந்த பின் கையால் அழுத்தி மடித்தால், மேற்பரப்பு வெடிக்கத்தான் செய்யும். உடலுக்கு 200 முதல் 250 கிராம் வரையான வெள்ளை மட்டை போதும்.

அந்த மட்டையிலும் மடிக்கும் திசையைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். மடிப்பு அத்திசையோடு ஓடினால் கோடு நேராக விழும், குறுக்கே போனால் நார் முறியும். மடிக்காமல் இரு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்த வாக்கில் தாள் எளிதாக இணங்குகிறதோ அந்த வாக்கிலேயே மடிக்க வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிடும். கடையில் வாங்கும் ஏ4 மட்டையில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், முழு மட்டையை நடுவில் மடிக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. அதையே முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் மடிப்பு நாரின் வழியே வருகிறது. அப்போது மடல் 105 க்கு 148 மில்லிமீற்றர் அளவில் அமைந்து, சி6 எனப்படும் 114 க்கு 162 மில்லிமீற்றர் உறைக்குள் சிரமமின்றிப் போகும். மடிக்குமுன் அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொள்ளுங்கள்.

மடல் வளைவதற்குக் காரணம் பசையிலுள்ள நீர். ஈரம் பட்ட பக்கம் விரிந்து, உலரும்போது சுருங்கி, மட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. கோதுமை மாப் பசையில் நீர் அதிகம். நம் ஊர் மழைக்காலத்தில் அது பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் விருந்தாகிவிடும். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையைத் துண்டின் பின்புறத்தில் மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். முகத்துக்குப் பின்னே, மடலின் உட்புறத்தில், மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றையும் அதே பசையால் ஒட்டினால் இரு பக்க இழுப்பும் சமப்படும். வாழ்த்தை எழுத நல்ல இடமும் கிடைக்கும். பிறகு ஓர் இரவு கனமான புத்தகங்களின் கீழே இருக்கட்டும்.

ஒன்றோடொன்று ஒட்டியவை அக்கிரிலிக் வர்ணம் பூசியவையாக இருக்க வேண்டும். அக்கிரிலிக் படலம் உலர்ந்த பின்னும் வெப்பத்தில் இளகும் தன்மையுடையது; பாரத்தின் கீழே முகத்தோடு முகம் வைத்தால் பற்றிக்கொள்ளும். கேக் தட்டில் விரிக்கும் ஒயில் பேப்பரை இடையே வையுங்கள்.

இனி, எந்தத் துண்டை எடுப்பது என்பதற்கு வருவோம். இந்த வேலையின் சுவையே அதில்தான் இருக்கிறது. பழைய மட்டையில் ‘ட’ வடிவத் துண்டுகள் இரண்டு வெட்டி, ஒன்றை எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்து, நடுவில் ஒரு சாளரம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். அதைக் கைவிட்ட படத்தின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். முழுதாகப் பார்க்கையில் தோற்றுப்போன படத்தின் ஒரு மூலையில், யாரும் திட்டமிடாமல் இரண்டு நிறங்கள் கலந்து நின்ற இடம் சாளரத்துக்குள் தனிப் படமாகிவிடும். பெட்டியில் இருப்பவற்றில் நான் முதலில் எடுப்பது நிறம் பார்த்த தாள்களைத்தான். அவற்றில் கைக்குத் தயக்கமே இருப்பதில்லை. தூரிகையில் மிஞ்சிய நீலத்தைத் தீர்க்க இழுத்த கோடு தொடக்கத்தில் அடர்ந்திருக்கும். போகப்போகத் தாளின் மேடுகளை மட்டும் தொட்டு, பள்ளங்களை வெள்ளையாக விட்டுச் செல்லும். அதைக் கிடையாக வெட்டி ஒட்டினால் டச் பே கடலின் காலை வெளிச்சம் கிடைத்துவிடும். மேலே கோணேசர் கோயில் கோபுரத்தை வரையலாமே என்று தோன்றும், தயவுசெய்து வரையாதீர்கள்.

பொங்கலுக்குப் பானை வேண்டாம், கடை மடல்களில் அது போதுமான அளவு பொங்கிவிட்டது. ஊதாவும் பச்சையும் கலந்த துண்டுகளை ஒரு விரல் அகல நாடாக்களாக வெட்டி, நிலைக்குத்தாக, இடையிடையே மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். கரும்பின் கணுக்கள் தாமாகவே அமைந்துவிடும். மடல் தட்டையாக இருப்பதால் தபாலிலும் நசுங்காது.

கேள்வி: வகுப்பில் பிள்ளைகள் விட்டுப்போன படங்களை வெட்டி மடல் செய்து விற்பது முறையா?
— சித்திர ஆசிரியை, திருகோணமலை நகர்

பதில்: கேட்காமல் செய்வது முறையல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை முதலில் அதை ஆக்கியவருக்கே சேரும்; தாளும் வர்ணமும் நீங்கள் கொடுத்தவை என்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. சட்டத்தை விட்டாலும், தான் மறந்து வைத்த படத்தின் பாதியை யாரோ ஒருவரின் மடலில் காணும் பிள்ளையின் முகத்தை எண்ணிப் பாருங்கள். தவணைத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். உங்கள் கையால் நிறம் பார்த்த தாள்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: எண்ணெய் வர்ணம் பூசிய கன்வஸ் ஓரங்களையும், தூரிகை துடைத்த துணிகளையும் மடலில் பயன்படுத்தலாமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: கன்வஸ் ஓரங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் அவசரப்படக்கூடாது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பின்னும் எண்ணெய் வர்ணம் உள்ளே உலர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் தாளில் வைத்தால் எண்ணெய் ஊறி, சுற்றிலும் மஞ்சள் வளையம் படரும். நன்கு உலர்ந்ததைப் பசையால் ஒட்டுவதைவிட நூலால் தைப்பதே உறுதி. சில வர்ணங்களில் ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால், மேற்பரப்பை அரத்தாளால் தேய்க்க வேண்டாம்.

துணிகளை மடல் பெட்டியின் பக்கமே கொண்டுவராதீர்கள். எண்ணெய் வர்ணத்தில் சேரும் ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. துணிகள் குவியலாகக் கிடந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அவற்றை வெளியே தனித்தனியாக விரித்து உலர விடுங்கள். அதற்கு நேரமில்லாத நாளில், நீர் நிரப்பிய தகரப் பேணியில் அமிழ்த்தி மூடி வையுங்கள்.