உப்பளத்தின் கசப்பு நீரில் கரியமில வாயுவைப் பிடிக்க முடியுமா?

"உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து தாதுக்களைப் பிரிக்கலாம், கூடவே கரியமில வாயுவையும் பிடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். தாது எடுப்பது பழைய தொழில். வாயுவைப் பிடிப்பதில்தான் ஒரு குழி இருக்கிறது; நானே விழுந்து எழுந்த குழி.

கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், 25 டிகிரி பாமே (உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் அலகு) அடர்த்தியை ஒட்டி உப்பு. 29, 30 டிகிரிக்கு மேல் விட்டால் உப்பே கசக்கும் என்பதால் மிச்ச நீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டால் எண்ணெய்போல வழுக்கும். என் மேசையில் சிந்திய துளி ஒரு வாரமாகியும் காயவில்லை. அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1826இல் வேதியியலாளர் பலார் புரோமினைக் கண்டறிந்ததே பிரான்சின் மான்பெல்லியே உப்பளத்தின் இந்த நீரில்தான். பொட்டாஷ் உரம், உலைச் செங்கல்லுக்கான மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) எல்லாம் இதிலிருந்து வரும்.

இனி வாயு. பிடிப்பது என்றால் அதை நீரிலுள்ள மக்னீசியத்தோடு சேர்த்து, கார்பனேட் என்னும் வெள்ளைத் திடப்பொருளாகப் படிய வைப்பது. ஆரம்பத்தில் நான் கசப்பு நீரில் கரியமில வாயுவை நேரடியாகக் குமிழியிட்டேன். அரை நாள் ஓடியும் ஒரு பொட்டு வெள்ளைகூடப் படியவில்லை. படியாது. வாயு கரையும்போது நீர் அமிலமாகும். அமிலத்தில் கார்பனேட் நிற்காது. காரம் வேண்டும். காஸ்டிக் சோடா ஊற்றியதும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கொழகொழவென்று திரண்டது. வடிதாளை அது அடைத்துக்கொள்ள, வடித்து முடிக்க ஒரு இரவு போனது. அந்தக் கூழை நீரில் கலக்கி மறுபடி வாயுவைச் செலுத்தியபோதுதான் நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகப் படிகங்கள்: ஈரம் பிடித்த மக்னீசியம் கார்பனேட். எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி.

கணக்குப் போட்டதும் அது இறங்கிவிட்டது. ஒரு டன் வாயுவை இப்படிக் கார்பனேட்டாக்க ஏறத்தாழ 1.8 டன் காஸ்டிக் சோடா தேவை. ஒரு டன் சோடா தயாரிக்கச் சுமார் 2,500 யூனிட் மின்சாரம் ஆகும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், சோடாவோடு உடன் கிடைக்கும் குளோரினின் கணக்கில் மின்சாரத்தில் பாதியை ஒதுக்கினாலும், பிடிப்பதைவிட விடுவதே அதிகம். சரி, சுண்ணாம்பு போடலாமே என்றால், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதே அளவு வாயு வெளியேறிவிடும். சூளையின் எரிபொருள் தனி. ஒரு பக்கம் இறைத்து மறுபக்கம் ஊற்றுகிற வேலை.

ஆகவே எஃகு ஆலைக் கசடுபோல எப்படியும் கிடக்கிற காரமோ, சூரிய மின்சாரத்தில் தயாரித்த காரமோ இருந்தால் மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு. அப்போதும் அளவு சிறியதுதான். கடல்நீரில் ஒரு டன் உப்புக்கு ஏறக்குறைய 47 கிலோ மக்னீசியம் இருக்கிறது. ஒன்றுவிடாமல் கார்பனேட்டாக்கினாலும் 85 கிலோ வாயுதான் அடங்கும்.

என்னைக் கேட்டால் புரோமினுக்கும் மக்னீசியாவுக்கும் முதலீடு செய்யுங்கள். வாயுவைப் பிடிக்கும் திட்டத்தோடு யாராவது வந்தால், "காரம் எங்கிருந்து வருகிறது?" என்று முதலில் கேளுங்கள்.