ஸ்பானிஷ் தெரியாமல் டெக்சஸில் கணித ஆசிரியராகலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். ஊரில் எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, ஆங்கிலவழி வகுப்புகளில் தமிழிலும் விளக்கி ஆறு வருடம் பாடம் எடுத்தேன். இங்கே 7–12 கணித ஆசிரியர் சான்றிதழும் வாங்கிவிட்டேன். போன வாரம் ஒரு பொதுப்பள்ளி நேர்முகத்தில், “ஒரு வருடத்துக்குள் இ.எஸ்.எல். முடிப்பீர்களா?” என்று கேட்டார்கள். தெரிந்தவர்களோ பைலிங்குவல் கட்டாயம், ஸ்பானிஷ் படி என்கிறார்கள். ஆங்கிலம்தான் ஆட்சிமொழி என்று அதிபரின் ஆணை வந்த பிறகும் இதெல்லாம் வேண்டுமா? என் தமிழுக்கு இதில் மதிப்பு உண்டா?

பதில்: ஸ்பானிஷ் வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தால் முதலில் அதைத் திரும்பக் கேளுங்கள், சகோதரி. உங்களிடம் பள்ளி கேட்டது இ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கானது; தெரிந்தவர்கள் சொல்வது பைலிங்குவல், அதாவது இருமொழிக் கல்விக்கானது. இரண்டும் வேறு வேறு சான்றிதழ்கள். இங்கே ஆசிரியர் அறையில் நடக்கும் சண்டையில் பாதி, இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவதுதான்.

பைலிங்குவல் ஆசிரியர் குழந்தையின் வீட்டு மொழியிலும் பாடம் நடத்துபவர். நடைமுறையில் அது பெரும்பாலும் ஸ்பானிஷ். அதற்கென்றே மொழித்திறன் தேர்வு ஒன்று இருக்கிறது. இ.எஸ்.எல். ஆசிரியர் ஆங்கிலத்தில்தான் நடத்துவார். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேரும்படி நடத்தத் தெரிந்தவர். அவருக்கு இன்னொரு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இல்லை.

டெக்சஸ் சட்டப்படி, ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) முழுவதிலும் ஒரே வகுப்பு நிலையில், ஒரே வீட்டு மொழி பேசுகிற, ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ள பிள்ளைகள் 20 பேர் இருந்தால், தொடக்கப்பள்ளியில் பைலிங்குவல் திட்டம் நடத்தியாக வேண்டும். நீங்கள் போவது உயர்நிலைப் பள்ளி. அங்கே இ.எஸ்.எல். இருந்தால் போதும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இ.எஸ்.எல். திட்டம் இரண்டு வகை. ‘புல்-அவுட்’ (ஆங்கிலப் பாடத்தோடு நிற்கும்) வகையில் ஆங்கிலப் பாட ஆசிரியரிடம் மட்டும் அந்தச் சான்றிதழ் இருந்தால் போதும். ‘கன்டென்ட் பேஸ்டு’ (மற்றப் பாடங்களையும் சேர்த்த) வகையில் கணிதம், அறிவியல், சமூகவியல் ஆசிரியர்களிடமும் இருக்க வேண்டும். உங்களைக் கேட்டார்கள் என்றால் அந்தப் பள்ளி இரண்டாம் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எதற்கும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

“கணிதத்துக்கு மொழி எதற்கு, எண் எல்லாருக்கும் ஒன்றுதானே” என்று மூத்த ஆசிரியர்கள் பலர் முணுமுணுக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாறினேன். கணக்கு எளியது: பெட்டியில் 24 ஆப்பிள், 9 விற்றாகிவிட்டது, “ஹௌ மெனி ஆர் லெஃப்ட்?” (மீதி எத்தனை?) ஹோண்டுராஸிலிருந்து வந்து நான்கு மாதமான பையன் ஆப்பிள்களை அழகாக வரைந்தான். அப்புறம் இடது பக்கம் இருந்தவற்றை வட்டமிட்டு எண்ணினான். அவனுக்குத் தெரிந்த ‘லெஃப்ட்’ அது ஒன்றுதான். கழித்தல் அவனுக்கு நன்றாகவே வரும். ஆசிரியர் சிவப்பு மையால் தப்பு போட்டுவிட்டு நகர்ந்தார். இ.எஸ்.எல். பயிற்சி பெற்றவர் அந்த வட்டத்தைப் பார்த்ததுமே விஷயம் என்ன என்று பிடித்திருப்பார். மாநிலத்தில் ஏறக்குறைய நான்கு மாணவரில் ஒருவர் அந்தப் பையனைப் போல ஆங்கிலம் கற்கும் நிலையில் இருக்கும்போது, இந்தப் பயிற்சியைக் கேட்பது அதிகப்படி என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: கணினி முன் உட்கார்ந்து எழுதும் ஒரே தேர்வில் இந்தத் திறமை வந்துவிடுமா? வராது. இ.எஸ்.எல். சப்ளிமெண்டல் (கூடுதல் சான்றிதழுக்கான) தேர்வைச் சில வாரம் படித்தே தேறிவிடலாம். வகுப்பில் செய்யத் தெரிந்துகொள்ள அதைவிட நாளாகும்.

பைலிங்குவல் விஷயத்தில் மட்டும் நான் கறார். ஆள் கிடைக்கவில்லை என்று தகுதியைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை டெக்சஸ் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ரேமண்ட்வில் என்ற ஊரின் பள்ளி மாவட்டத்தில் ஆசிரியர்களுக்கு 100 மணி நேரப் பயிற்சி, கூடவே 700 ஸ்பானிஷ் சொற்கள். அவ்வளவுதான், அவர்கள் பைலிங்குவல் ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். 700 தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு பின்னத்தை விளக்கிப் பாருங்கள், தெரியும். வழக்கு ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. திட்டம் காகிதத்தில் நன்றாக இருந்தால் போதாது, அதை நடத்தும் திறமை ஆசிரியருக்கு இருக்க வேண்டும் என்று 1981-இல் சொல்லிவிட்டார்கள். வழக்குத் தொடுத்தவர் பெயரால் காஸ்டன்யேடா தீர்ப்பு என்று இன்றும் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

ஆட்சிமொழி ஆணை 2025 மார்ச் 1 அன்று வந்தது. அது வாஷிங்டனின் துறைகளுக்கானது. டெக்சஸ் கல்விச் சட்டத்தை அது மாற்றவில்லை. புரியாத மொழியில் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைப்பது சம வாய்ப்பு ஆகாது என்று சான்ஃபிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அப்படியே நிற்கிறது. காற்று மாறாது என்று நான் சொல்லவில்லை. பொதுப்பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவது 1918 முதல் 1969 வரை இதே டெக்சஸில் குற்றம். அடுத்த நான்கே வருடத்தில், 1973-இல், அதே மாநிலம் இருமொழிக் கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அடுத்த ஆண்டு வேலைக்கு நீங்கள் இன்றைய விதியைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் தமிழ். அந்த 20 பேர் கணக்கில் மொழியின் பெயர் ஸ்பானிஷ் என்று எழுதியில்லை. ஒரு வகுப்பு நிலையில் 20 தமிழ்ப் பிள்ளைகள் அப்படி இருந்தால் தமிழுக்கும் அதே சட்டம்தான். நடைமுறையில், சான்றிதழ் பெற்ற ஆசிரியர் இல்லை என்று மாவட்டம் மாநிலத்திடம் விலக்கு வாங்கிக்கொள்ளும். இதில் நம்மவர்கள் பங்கும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது தரும் வீட்டு மொழிப் படிவத்தில், பாட்டியோடு நாள் முழுக்கத் தமிழ் பேசும் குழந்தைக்குக்கூட ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிடுகிறோம். அப்புறம் அந்தப் பிள்ளை கணக்கிலேயே வராது. ஆக, தமிழை வைத்து இப்போதைக்குப் பதவி எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஆங்கிலவழி வகுப்பில் தமிழில் சொல்லிப் புரியவைத்த அந்த ஆறு வருட அனுபவத்தை நேர்முகத்தில் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுக்கினார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

அவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்கள் இ.எஸ்.எல். திட்டம் எந்த வகை. இரண்டு, நான் தேர்ச்சி பெறும்வரை எனக்காக மாநிலத்திடம் விலக்கு கேட்பீர்களா, பயிற்சிச் செலவு யாருடையது. விலக்கு வாங்கும் மாவட்டம் தனக்கு வரும் இருமொழிக் கல்வி நிதியில் குறைந்தது 10 சதவீதத்தை ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும் முன் மாநிலக் கல்வி முகமையின் இணையதளத்தில் தேர்வு எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், அடிக்கடி மாற்றுவார்கள்.