பிரெப் மாத்திரையைத் தேவைப்படும் நாளில் மட்டும் எடுத்தால் போதுமா?

வாசகி ஒருவரின் கேள்வி: எனக்கு 22 வயது. மூன்று மாதமாக எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை எடுக்கிறேன். காதலர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் சந்திக்கிறோம். பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னால் தட்டிக்கழிக்கிறார். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் தினமும் மாத்திரை போடுவது பெரும்பாடாக இருக்கிறது. நண்பர் ஒருவர், உறவுக்கு முன் இரண்டு, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு நாள் என எடுத்துக்கொள்கிறார். நானும் அப்படி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் சொல்லும் முறை உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. பெண்ணுறுப்பு வழியான உறவுக்கு அந்த முறை பலன் தரும் என்பதற்குச் சான்று இல்லை.

காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் மலக்குடல் திசுவில் வேகமாகவும் அதிகமாகவும் சேர்கிறது. பெண்ணுறுப்புத் திசுவில் சேர்வது அதைவிட வெகு குறைவு. போதாக்குறைக்கு, வைரஸைத் தடுக்கும் வேலையில் மருந்தோடு போட்டி போடும் இயற்கையான மூலக்கூறுகளும் அங்கே அதிகம். அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், பெண்களுக்கு முழுப் பாதுகாப்பு கிடைக்கத் தினசரி மாத்திரை எடுத்து சுமார் 21 நாள் ஆகும் என்கிறது. 7 நாள் போதும் என்று சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. நான் நீளமான கணக்கையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். இன்னொன்று: உங்கள் நண்பர் எடுப்பது டிஸ்கோவி என்ற வகையாக இருந்தால், அதைக் கடன் வாங்கிக்கூட போட்டுவிடாதீர்கள். பெண்ணுறுப்பு வழி உறவில் தடுப்புக்கு அதற்கு அனுமதியே தரப்படவில்லை.

சரி, ஒருநாள் மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் ஒன்று போடுங்கள். ஈடுகட்ட இரண்டு சேர்த்துப் போட வேண்டாம். எப்போதாவது ஒருநாள் விட்டுப்போவதால் பாதுகாப்பு சரிந்துவிடாது. வாரத்தில் பாதி நாள் விடுவதுதான் ஆபத்து.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது: தினமும் முடியவில்லை என்றால் குறை என்னிடமா? ஆப்பிரிக்க நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த வாய்ஸ் என்ற ஆய்வைப் பாருங்கள். மருந்தை ஒழுங்காக எடுத்ததாகப் பெரும்பாலானோர் சொன்னார்கள். ரத்தத்தைச் சோதித்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து தென்பட்டது. மாத்திரையில் பலனும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் சோம்பேறிகள் என்று எனக்குத் தோன்றியதில்லை. இதே மருந்து எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படுகிறது, டப்பாவைப் பார்ப்பவர் நோய் வந்துவிட்டது என்றே முடிவு கட்டுவார். அந்தப் பயத்தோடு தினமும் ஒரு மாத்திரை விழுங்குவது லேசான காரியமா என்ன?

ஒளித்துவைக்க ஒரு வழி: ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சாதாரண மாத்திரைப் பெட்டியில், ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். டப்பா குலுங்கும் சத்தமும் இருக்காது. குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பிறகு போடுங்கள். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தணிந்துவிடும். கருத்தடை மாத்திரையோடு சேர்த்து எடுப்பதில் தடையில்லை.

இதெல்லாம் ஒத்துவரவில்லை என்றால், மருந்தின் வடிவத்தை மாற்றுவதே நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசியை 2025-இல் பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையிலான பெண்களிடம் லெனகாபாவிரைச் சோதித்தபோது, ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மருத்துவத்தில் பூஜ்யம் என்ற எண் அபூர்வம். மாதம் ஒருமுறை பெண்ணுறுப்பினுள் வைத்துக்கொள்ளும் டாபிவிரின் வளையமும் உண்டு. அதன் பாதுகாப்பு இவற்றைவிடக் குறைவு. எது கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

ஊசிக்கு மாறுவதற்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. கல்லீரல் அழற்சி திடீரென்று கூடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய பரிசோதனையும் இப்போது வந்திருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

காதலர் பரிசோதனைக்கு மறுப்பதைப் பற்றி: "என்னைச் சந்தேகப்படுகிறாயா" என்ற பேச்சில் மாட்டாமல், "இருவரும் சேர்ந்து போகலாம்" என்று கேட்டுப்பாருங்கள். மறுத்தாலும் உங்கள் பாதுகாப்பு அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரெப்போடு ஆணுறையும் இருக்கட்டும். மற்ற பால்வினை நோய்களையோ கர்ப்பத்தையோ பிரெப் தடுக்காது.

கடந்த மூன்று நாளுக்குள் ஆணுறையின்றி உறவு நடந்திருந்து, அதற்கு முன் மாத்திரைகளையும் நிறைய விட்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும் கையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தொற்று வாய்ப்புக்குப் பிறகு கொடுக்கப்படும் 28 நாள் மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கியாக வேண்டும்.