இருட்டும் நேரத்தில் மலையும் மேகமும்

கேள்வி: சூரியன் மறைந்தபின் மலையைப் படமெடுத்தால் ஒரே புள்ளி புள்ளியாக வருகிறது, மேகமும் கலங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: புள்ளிகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏறிப்போவதுதான். முக்காலி இருந்தால் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப்/8 என்று வைத்துவிட்டு, வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டே போகலாம், மலை அசையாது. ஆனால் மேகம் நகரும். 30 வினாடி திறந்து வைத்தால் பட்டுபோல இழுபடும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். மேகத்தின் உருவம்தான் வேண்டுமென்றால் ஓரிரு வினாடிக்குள் முடியுங்கள், அதற்காக ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றினாலும் பரவாயில்லை. விரல் அழுத்தும் அதிர்வில் படம் கலங்காமலிருக்க 2 வினாடி டைமர் போடுங்கள். அப்புறம், ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் கோப்பு) எடுத்து, வெளிச்ச அளவை வானத்துக்கு ஏற்ப வையுங்கள்: இருண்ட சரிவை ஓரளவு மீட்கலாம், முழுக்க வெளுத்த மேகத்தை மீட்கவே முடியாது.