உறைபனிக் காலையில் பற்றாத லைட்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் விடியற்காலையில் லைட்டரை எத்தனை முறை தட்டினாலும் பொறி மட்டுமே வருகிறது. கேஸ் பாதிக்கு மேல் இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை தம்பி, குளிர்ந்துவிட்டது. உள்ளே திரவமாக அடைபட்டிருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது கொதித்து வாயுவாக மாறும் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. உறைபனி கொட்டும் டிசம்பர், ஜனவரி காலைகளில் தலைக்குந்தாவும் அவலாஞ்சியும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கிவிடும். அப்போது வாயுவுக்கு வெளியே பீறிட வலு இருக்காது. இரவு முழுக்க வண்டிப் பெட்டியில் கிடந்த லைட்டர் எப்படிப் பற்றும்? உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். இனி அதன் இடம் ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில்.

கேள்வி: மலை உயரம்தான் காரணம் என்கிறார்களே?

பதில்: உயரத்தின்மேல் பழி போடுவது நியாயமே இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளிருக்கும் வாயு வெளியேறுவது எளிதாகிறது. இதே குளிர் கடற்கரையில் அடித்தால் லைட்டர் இன்னும் மோசமாகத் திணறும்.

கேள்வி: எந்த லைட்டர் நல்லது, சக்கரம் வைத்ததா, பொத்தான் அழுத்துவதா?

பதில்: சக்கரம்தான், சந்தேகமே வேண்டாம். பொத்தான் லைட்டரில் ஈரம் ஏறினால் மின்பொறி தாவ வேண்டிய இடத்தில் தாவாது; அதைக் காயவைப்பதும் சிரமம். சக்கர லைட்டர் மூடுபனியில் நனைந்தால் தண்ணீரை உதறி, வாயால் நன்றாக ஊதுங்கள். பிறகு சக்கரத்தைத் தொடைமேல் வைத்து, பேன்ட் துணியில் அழுத்திப் பல முறை உருட்டுங்கள். சக்கரத்தின் பல் இடுக்கில், பொறி தரும் கல்லின் தூள் சாம்பல் நிறச் சேறாக அப்பியிருக்கும். துணி அதை இழுத்துக்கொள்ளும். பொறி திரும்பிவிடும்.

கேள்வி: அண்ணா, அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று லைட்டர்மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வெடித்தால் முகத்துக்குத்தான் சேதம். உடல் சூடு போதும். திரும்பும்போது மேட்டுப்பாளையம் வெயிலில் கார் கண்ணாடிக்கு அடியிலும் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: பேசாமல் தீப்பெட்டி கொண்டுபோனால்?

பதில்: இரண்டும் வேண்டும். தீக்குச்சிக்குக் குளிர் பொருட்டே அல்ல, ஈரம்தான் எமன். பெட்டியின் பக்கவாட்டு மருந்து ஊறிவிட்டால் உரசியதும் உரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் பை நீலகிரியில் தடை. வாய் இறுகிய சிறு எவர்சில்வர் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: காப்புக்காட்டுக்குள் எதைக்கொண்டும் தீ மூட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பனியில் கருகிய புல் ஒரே பொறியில் மலையையே எரித்துவிடும்.

கேள்வி: கொடைக்கானலில் கூடாரம் போடப் போகிறோம். சிறிய கேஸ் அடுப்புக்கும் இதே தொல்லை வருமா?

பதில்: வெறும் பியூட்டேன் டின் என்றால் வரும். ஐசோபியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 11.7 டிகிரி, புரொப்பேனுக்கு மைனஸ் 42. இவ்விரண்டும் கலந்த டின்னாகப் பார்த்து வாங்குங்கள். பழனி மலைக் குளிருக்கு அது தாராளம்.