ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மரச்சிற்பம், துணி, ஷியா வெண்ணெய் ஆகியவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பேணுவது?

நீங்கள் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்: ‘ஆப்பிரிக்கக் கைவினை’ என்று விற்கப்படுவனவற்றில் உண்மையானதை எப்படி அறிவது, வாங்கி வைத்த மரச்சிற்பத்தின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டுவதற்கு என்ன செய்வது, தோலில் தடவும் ஷியா வெண்ணெய் மணல் மணலாகிவிட்டால் அது கெட்டுவிட்டதா என்பவை அவை. பல ஆண்டுகளாக இப்பொருள்களை விரும்பி வாங்கி வருகிறேன்; அறியாமையால் ஒன்றிரண்டைக் கெடுத்தும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு என் பதில், விற்பவரிடம் ஊர்ப் பெயரைக் கேளுங்கள் என்பதுதான். ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம்; ‘ஆப்பிரிக்காவில் செய்தது’ என்னும் சொல் ஒரு பொருளைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. கென்டே துணி என்றால் கானாவின் போன்வீரேயிலா, அகோதிமே பெத்தோயிலா நெய்யப்பட்டது என்று கேட்கலாம். மாக்கல் சிற்பம் என்றால் அது கென்யாவில் கிசி நகருக்கு அருகிலுள்ள தபாகாவிலிருந்து வந்ததா என்று கேட்கலாம். உடைந்த கண்ணாடியைத் தூளாக்கிச் சுடும் கிரோபோ மணிகள் என்றால் கானாவின் ஒடுமாசே என்னும் ஊரின் பெயர் வர வேண்டும். அங்கே களிமண் அச்சில் கண்ணாடித் தூளை நிரப்பி, நடுவில் மரவள்ளி இலைக்காம்பைச் செருகிச் சூளையில் வைக்கிறார்கள், காம்பு எரிந்துபோன இடமே மணியின் துளையாகிறது. செய்தவரோடு தொடர்புள்ள விற்பனையாளர் இவற்றையெல்லாம் கேட்காமலே சொல்வார். ஊர் தெரிந்தால் எதனால் செய்யப்பட்டது என்பது தெரியும். எதனால் செய்யப்பட்டது என்பது தெரிந்தால் எப்படிப் பேணுவது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

துணியில் ஏமாறுவது எளிது. கையால் நெய்த கென்டே ஒரே அகலமான துணியாக வருவதில்லை. சுமார் 10 செ.மீ. அகலமுள்ள நீண்ட பட்டைகளாகத் தறியில் நெய்யப்பட்டு, பின்னர் பக்கவாட்டில் ஒன்றோடொன்று தைக்கப்படுகிறது. துணியைத் திருப்பிப் பாருங்கள். தையல்கள் தெரிய வேண்டும்; கட்டங்கள் ஊடை நூலால் உருவானவையாக இருக்க வேண்டும். அச்சிட்ட துணியில் பின்புறம் வெளிறியிருக்கும், பட்டைகளின் எல்லைகளும் வரைந்த கோடுகளாகவே இருக்கும். அச்சிட்டதை அச்சிட்டது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. நெய்ததற்கான விலையை அதற்குக் கேட்பதுதான் தவறு. இதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும்: ‘ஆப்பிரிக்க அச்சுத் துணி’ என்று உலகெங்கும் அறியப்படும் மெழுகு அச்சுத் துணி, 19ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் ‘பாத்திக்’ என்னும் மெழுகுச் சாயத் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்ததிலிருந்து வளர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் அதற்குப் பெயர்களும் பொருள்களும் கொடுத்துத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆகவே அது கைத்தறி அல்ல என்பதால் அதை இழிவாக நினைக்க வேண்டியதில்லை.

மாலி நாட்டின் போகோலான் துணியை நான் ஒரு முறை கெடுத்திருக்கிறேன். அந்தத் துணியை முதலில் துவர்ப்புச் சத்து மிகுந்த இலைச்சாற்றில் ஊறவைத்து மஞ்சளாக்குவார்கள். பிறகு பானைகளில் நெடுநாள் புளிக்கவைத்த ஆற்றுச் சேற்றால் அதன்மேல் வரைவார்கள். சேற்றிலுள்ள இரும்பு துவர்ப்போடு சேர்ந்து கருமையாகிறது. அந்தக் கருப்பு மேலே பூசிய வண்ணமன்று, நூலுக்குள்ளேயே நடந்த வேதி மாற்றம். இதை அறியாமல், வெளுப்புப் பொருள் கலந்த சலவைத் தூளில் வெந்நீரில் ஊறவைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் பல நாள் உழைத்து வரைந்த கோடுகள் தேய்ந்த பழுப்பாகிவிட்டன. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. குளிர்ந்த நீரில் தனியாக, மென்மையான சோப்பில், பிழியாமல் அலசி, நிழலில் உலர்த்துவதே முறை. சுவரில் மாட்டுவதானால் வெயில் நேராக விழாத சுவராகப் பாருங்கள். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த நூல் ஒளியில் விரைவாக நைந்துவிடும்.

இனி மரம். கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வாழும் மக்கொண்டே சிற்பிகள் ‘ம்பிங்கோ’ என்னும் மரத்தைச் செதுக்குகிறார்கள். சந்தையில் அதைக் கருங்காலி என்று சொல்லி விற்றாலும், அது ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. உள்மரம் கரும்பழுப்பு, வெளிமரம் வெளிர் மஞ்சள்; நல்ல சிற்பிகள் இந்த இரு நிறங்களையும் வேண்டுமென்றே சிற்பத்தில் விட்டுவைப்பார்கள். அது தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. கையில் எடுத்தால் எதிர்பாராத எடை தெரிய வேண்டும். எடை குறைவாக இருந்து, ஈரத் துணியால் அடிப்பாகத்தைத் தேய்த்தால் கருமை துணியில் ஒட்டினால், அது மென்மரத்தில் காலணி மெருகோ சாயமோ பூசியது. இந்த மரத்தின் பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த பொருள்களில் ஓர் அனுப்புதலுக்கு 10 கிலோ வரையுள்ள மரத்துக்கு விலக்கு உண்டு. பெரிய சிற்பம் வாங்குகிறவர்கள் உரிய சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடியில் கொட்டும் தூளைப் பற்றிக் கேட்டீர்கள். சிற்பம் உளுக்கத் தொடங்கியிருக்கலாம். ஏற்றுமதிக்கென அவசரமாகச் செதுக்கப்படும் முகமூடிகளில் பல, சரியாக உலராத மென்மரத்தில் செய்யப்படுவதால், உளு வண்டின் புழு உள்ளேயே இருந்து பயணம் செய்கிறது. தூள் பழையதா புதியதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிற்பத்தை நன்றாகத் தட்டித் துடைத்து, ஒரு கருப்புத் தாளின்மேல் சில வாரங்கள் வையுங்கள். மீண்டும் வெளிர் நிறத் தூள் விழுந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அதற்குள் மற்ற மரப் பொருள்களிடமிருந்து அதைப் பிரித்து வைப்பது நல்லது. மருந்து தெளிப்பதைவிட உறையவைப்பதையே நான் விரும்புகிறேன். அருங்காட்சியகங்களும் கையாளும் முறை அது. சிற்பத்தைத் தாளில் சுற்றி, தடித்த நெகிழிப் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, சுமார் −20 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்த பின்பு ஒரு முழு நாள் பையைத் திறக்கவே கூடாது. உடனே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த மரத்தின்மேல் நீராகப் படியும். தடித்த வண்ணப்பூச்சோ, ஒட்டிய சோழியோ, பதித்த எலும்போ உள்ள சிற்பங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றைப் பழம்பொருள் காப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

மரம் வெடிப்பதற்குக் காரணம் ஈரப்பதம் சட்டென்று மாறுவது. குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடமும் சன்னல் வெயிலும் இரண்டுமே தீங்கானவை. சிறு வெடிப்பு தோன்றினால் அதை அடைக்காதீர்கள். பருவம் மாறும்போது மரம் அசைய இடம் வேண்டும். எண்ணெய் தடவுமாறு பல விற்பனையாளர்கள் அறிவுறுத்துவார்கள். பழைய முகமூடிக்கோ வண்ணம் பூசிய சிற்பத்துக்கோ அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளில் பிசுபிசுத்த அழுக்குப் படலமாகிவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதுமானது.

கூடைகளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். கானாவின் வடக்கிலுள்ள போல்கத்தாங்காவிலிருந்து வரும் புல் கூடைகள் கட்டுகளாகக் கட்டப்பட்டு அமுங்கித் தட்டையாகவே வந்து சேரும். சேதமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தோல் பிடியை நனைக்காமல் புல்லை மட்டும் தண்ணீரில் நன்கு நனைத்து, கையால் வடிவத்துக்குக் கொண்டுவந்து காயவைத்தால் கூடை பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

‘மிகப் பழையது’ என்று சொல்லப்படும் எதிலும் எச்சரிக்கையாக இருங்கள். நைஜீரியாவின் நோக் சுடுமண் உருவங்களும் மாலியின் ஜென்னே பகுதிச் சுடுமண் சிற்பங்களும் சட்டத்துக்குப் புறம்பாகத் தோண்டி எடுக்கப்பட்டு ஏராளமாக வெளியே போயிருக்கின்றன. கென்யக் கடற்கரையில் மிஜிகெண்டா மக்கள் தம் முன்னோருக்காக நட்ட நினைவு மரத்தூண்கள் திருடி விற்கப்பட்டிருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி வீட்டில் வைப்பது, இன்னொரு குடும்பத்தின் கல்லறையிலிருந்து எடுத்ததை வைப்பதாகும். 1897இல் பிரித்தானியப் படை கொள்ளையடித்த பெனின் வெண்கலங்களின் மரபு உங்களுக்குப் பிடித்திருந்தால், நைஜீரியாவிலுள்ள அதே பெனின் நகரின் இகுன் தெருவில் வார்ப்புக் கலைஞர்கள் இன்றும் மெழுகு வார்ப்பு முறையில் செய்யும் புதிய உருவங்களை வாங்குங்கள். பணம் செய்தவரின் கைக்கே போகும். தந்தம், ஆமை ஓடு, காட்டு விலங்கின் தோல் ஆகியவை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேண்டாம்.

தோல் பராமரிப்புப் பொருள்களில் கருப்புச் சோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைஜீரியாவின் யொருபா மக்கள் ‘ஒஸே டுடு’ என்றும் கானாவில் ‘அலட்டா சமினா’ என்றும் அழைக்கும் இந்தச் சோப்பு, வாழையினக் காய்த் தோலையும் கொக்கோ நெற்றையும் எரித்த சாம்பலின் காரத்தை எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சியது. உண்மையானது பழுப்பாக, சீரற்று, உதிரும் தன்மையோடு இருக்கும். கன்னங்கரேலென்று ஒரே சீராக, அச்சில் வார்த்ததைப் போல் இருந்தால் ஐயப்பட வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழைந்துவிடும் என்பதால், தேவையான அளவை மட்டும் கிள்ளி எடுத்து மீதியை இறுகச் சுற்றி வையுங்கள். கட்டியை நேரே முகத்தில் தேய்க்காதீர்கள். அதிலுள்ள சாம்பல் துகள்கள் தோலைக் கீறும், காரமும் மிகுதி. உள்ளங்கையில் நுரைத்துத் தடவி உடனே கழுவிவிடுங்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது எந்தப் பொருளுக்கும் நல்லது. இவற்றோடு சேர்த்து விற்கப்படும் ‘நிறம் வெளுக்கும்’ களிம்புகளை, இயற்கையானவை என்று எழுதியிருந்தாலும், தொடவே வேண்டாம். அத்தகைய களிம்புகளில் பாதரசமும் ஹைட்ரோகுயினோன் என்னும் வெளுப்பு வேதிப்பொருளும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடைசியாக உங்கள் ஷியா வெண்ணெய். செனகல் முதல் உகாண்டா வரை நீளும் புல்வெளிப் பகுதியில் தானாக வளரும் மரத்தின் கொட்டையிலிருந்து இது வருகிறது. கானாவின் வடக்கிலும் புர்கினா பாசோவிலும் பெண்கள் கொட்டைகளைப் பொறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, உடைத்து, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையாலேயே நெடுநேரம் பிசைந்து கொழுப்பைப் பிரிக்கிறார்கள். சுத்திகரிக்காத வெண்ணெய் தந்த நிறத்திலோ இளம் பழுப்பிலோ, மெல்லிய புகை வாசனையோடு இருக்கும். உகாண்டாவின் வகை இயல்பாகவே மென்மையானது, சற்று மஞ்சளானது. மேற்கு ஆப்பிரிக்க வெண்ணெய் பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் நிறத்துக்காக வேர்ச்சாறு சேர்த்திருக்கலாம். வெயிலுக்கு இது காப்பு என்று சொல்வதை நம்பி வெயில் காப்புக் களிம்பை விட்டுவிடாதீர்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே பயன்படுத்த வேண்டும்.

மணல் மணலாக இருப்பது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. பயணத்தில் வெப்பத்தில் உருகிய வெண்ணெய் மெதுவாக ஆறும்போது, அதிலுள்ள பல கொழுப்புகளில் சில முந்திக்கொண்டு உறைந்து சிறு மணிகளாகின்றன. சூடான நீர் உள்ள பாத்திரத்தில் குப்பியை வைத்து, மணிகள் முற்றிலும் கரையும் வரை மிதமான சூட்டில் உருக்கி, பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்து இடையிடையே கிளறிக்கொண்டே விரைவாக ஆறவிடுங்கள், மறுபடி வழவழப்பாகிவிடும். நிறத்தையோ பதத்தையோ பார்க்காமல் முகர்ந்துதான் கெட்டதை அறிய வேண்டும். புகை வாசனை மறைந்து, பழைய வண்ணப்பூச்சைப் போன்ற கூர்மையான சிக்கு வாடை வந்தால் தோலில் தடவாதீர்கள். பூஞ்சை தென்பட்டாலும் மேலே வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம். ஈரக் கையை உள்ளே விடாமல் உலர்ந்த கரண்டியால் எடுத்து, வெளிச்சம் புகாத குப்பியில் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால், ஓராண்டுக்குக் குறையாமல் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.